நான்காவது சனிக்கிழமை

இந்தக் காலத்தில் செத்தவனைக்கூடச் சும்மா விடுவதில்லை. உயிரோடு இருக்கும்போது ஒருவனை ஒருவன் ஏறிட்டுப் பார்க்கமாட்டான். செத்துவிட்டால் போதும், முக்குக்கு முக்கு பேனர், அதில் ஆளுயரச் சிரிப்பு, கீழே நாற்பது பேர் படம், அந்த நாற்பது பேரும் கூலிங்கிளாசோடு. அழுகிறானா, ஓட்டுக் கேட்கிறானா என்று தெரியாது. டி.வி.க்காரன் அதற்கும் ஒரு படி மேலே. அவன் செத்தவனை ஆடவிட்டே காட்டுகிறான்.

தெய்வசிகாமணிக்கு அந்தக் கடைசிச் சங்கதியில்தான் வயிற்றெரிச்சல். டி.வி.யில் ஆடிக்கொண்டிருந்தது அவருடைய மகன்.

மகன் பெயர் கமலக்கண்ணன். முப்பத்திரண்டு வயது. முதலியார்பேட்டையில் பாதிப் பேருக்கு அந்தப் பெயர் தெரியாது. பலூன் மாமா என்றால் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். உள்ளூர்க் கேபிளில் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு 'வாண்டுக் கூடாரம்' என்று ஒரு நிகழ்ச்சி. பிள்ளைகள் வந்து ஆடும், பாடும், குறள் ஒப்பிக்கும், பாதியில் மறந்துபோய் விரல் சூப்பும். நடுநடுவே முகத்தில் வெள்ளை பூசி, மூக்கில் சிவப்புக் குமிழ் மாட்டி, தலையில் ஆரஞ்சு மயிரோடு கமலக்கண்ணன் வருவான். பலூனை முறுக்கி நாய் செய்வான், குரங்கு செய்வான். கீச்சுக் குரலில் பேசுவான். பிறகு இரண்டு கையையும் நீட்டி, "யாரு யாரு எங்கூட வரா?" என்பான். எதிரே இருக்கிற அத்தனை வாண்டும் "நானு! நானு!" என்று குதிக்கும்.

பெற்றவர் அதை ஒருநாளும் பார்த்ததில்லை. மில்லில் முப்பத்தோரு வருஷம் தறி ஓட்டியவர். மகனையும் மில்லில் சேர்த்துவிட யூனியன்காரன் வீட்டுக்கு எத்தனை நடை நடந்திருப்பார்! அவனோ கல்யாண வரவேற்பில் பிள்ளைகளைச் சிரிக்கவைக்கப் போனான். "மீச மொளச்சவன் செய்யற வேலையாடா இது?" என்று ஒருமுறை கேட்டார்.

"சிரிக்கவைக்கறது அவ்ளோ லேசு இல்லப்பா. உன்னயே எத்தினி வருசமா முயற்சி பண்றேன், முடியல" என்றான்.

அன்றிலிருந்து சனிக்கிழமை ஒன்பது மணி என்றால் அவர் கடைத்தெருப் பக்கம் போய்விடுவார்.

கடலூரில் ஒரு பிறந்தநாள் விழாவை முடித்துவிட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மோட்டார் சைக்கிளில் திரும்பியவன், தவளக்குப்பம் சந்திப்பில் லாரிக்கு அடியில் போனான். சனிக்கிழமை விடியும்போது ஆஸ்பத்திரியில் உயிர் போனது. அன்று காலை ஒன்பது மணிக்கு உடம்பு பிணவறையில் கிடக்க, அவன் டி.வி.யில் பலூன் ஊதிக்கொண்டிருந்தான்.

அது எப்படி என்று அவருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு சொன்னார்கள். வாராவாரம் எடுப்பதில்லையாம். மாதத்தில் ஒரு ஞாயிறு, விளக்கும் பந்தலும் வாடகைக்குக் கொண்டுவந்து, நான்கு சனிக்கிழமைக்கு வேண்டியதையும் ஒரே நாளில் எடுத்துவிடுவார்களாம். பிள்ளைகளை நான்கு உடுப்பு கொண்டுவரச் சொல்வார்கள். காலையில் இரண்டு வாரம், தயிர்சாதம் தின்றுவிட்டு இரண்டு வாரம். ஆகவே, செத்த சனிக்கிழமை போக இன்னும் மூன்று சனிக்கிழமைக்கு அவன் மிச்சம் இருந்தான்.

"ஒரு நாளைக்கு ஒரு நாளு வாழ்ந்தாத்தான் மனுசன். ஒரு மாசத்த ஒரே நாள்ல வாழ்ந்து தீத்துட்டா அப்புறம் இன்னாத்த வாழறது?" என்றார் தெய்வசிகாமணி. துக்கத்துக்கு வந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். துக்க வீட்டில் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுவார்கள்.

சனிப்பிணம் தனியாகப் போகாது என்பது பெரியவர்கள் சொல். அதனால் பாடையில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டி அனுப்புவது வழக்கம். அது துணைக்குப் போய்விடும், வீட்டு மனிதரை விட்டுவிடும். அந்த நிலையிலும் தெய்வசிகாமணி அதை மறக்கவில்லை. குஞ்சு வாங்கிவரச் சொல்லி, தம் கையாலேயே பாடைக்காலில் சணல் போட்டுக் கட்டினார். கமலக்கண்ணனுக்கு ஒரே பிள்ளை, அதுவும் பெண். நிறைமதி என்று பெயர், ஐந்து வயது. அதனால் கொள்ளிச்சட்டியும் கிழவர் கைக்கே வந்தது. சட்டியைத் தூக்கியவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவர் பார்க்கவில்லை.

அவர் முதுகுக்குப் பின்னால் நடந்தது இது: அப்பாவைப் பார்த்து அழாத நிறைமதி, குஞ்சைப் பார்த்து அழுதாள். "அதுக்குக் கால் வலிக்குது, அவுத்துவுடுங்க" என்று தரையில் புரண்டாள். டி.வி. நிகழ்ச்சியை எடுக்கிற அரிகிருஷ்ணன், கமலக்கண்ணனின் கூட்டாளி, மனம் பொறுக்காமல் குனிந்து முடிச்சை அவிழ்த்துக் குஞ்சை அவள் கையில் கொடுத்துவிட்டான். பிள்ளையின் அழுகை நின்றது. பாடை நகர்ந்தது.

சுடுகாட்டில் இறக்கும்போதுதான் வெறும் சணல் தொங்குவதைக் கிழவர் பார்த்தார். வீட்டுக்கு வந்தால், பேத்தியின் மடியில் குஞ்சு நொய் கொத்திக்கொண்டிருந்தது. அவிழ்த்தது யாரென்று அவளே சொன்னாள். பால்தெளிக்கிற அன்று அதைக் கொண்டுபோய்ச் சுடுகாட்டிலேயே விட்டுவிட்டு வந்தார். முகூர்த்தம் தப்பிய பிறகு கட்டிய தாலிதான் அது என்று அவருக்கே தெரியும்.

இதை யாரிடம் சொல்வது? மருமகள் சுமலதா பன்னிரண்டாவது வரை படித்தவள். சொன்னால், "அதெல்லாம் ஒண்ணும் இல்ல மாமா" என்பாள். படித்தவர்களுக்கு எதுவுமே ஒன்றும் இல்லைதான்.

இரண்டாம் சனிக்கிழமை அவன் மஞ்சள் சட்டையில் வந்து கையை நீட்டினான். தெருப் பிள்ளைகள் சன்னல் வழியே எட்டிப் பார்த்து, "பலூன் மாமா வந்துட்டாரு" என்று கத்தின. மூன்றாம் சனிக்கிழமை பச்சைக் கட்டம். அன்று பொழுது சாயுமுன் நிறைமதியின் உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. மறுநாள் கருமாதி. வாசலில் பந்தல், உள்ளே போர்வைக்குள் பிள்ளை. மூன்று நாள் காய்ச்சல். மருந்து ஊற்றினார்கள், விட்டது. மருந்துக்குத்தான் விட்டதா, இல்லை வேறேதோ தவணை சொல்லிவிட்டுப் போயிருக்கிறதா என்று கிழவருக்கு நிச்சயமில்லை.

வியாழக்கிழமை காலை சுமலதா அவருக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள்.

"மாமா, இந்தச் சனிக்கெழம எங்கயும் போவாதீங்க. வூட்ல இருங்க."

"எதுக்கு?"

"இந்த வாரத்துல நம்ம பாப்பா வருது. அன்னைக்கு நானும் அவளக் கூட்டிக்கினு போயிருந்தேன். கடைசில அவரு அவளக் கூப்புடுவாரு."

"இன்னான்னு கூப்புடுவான்?"

"'மதிக்குட்டி, அப்பாகிட்ட வா'ன்னு." அவள் குரல் அங்கே ஒருமுறை உடைந்து சேர்ந்தது. "அந்தக் கீச்சுக் கொரல்ல இல்ல மாமா. அவரு சொந்தக் கொரல்ல. அவரு கொரலு என்கிட்ட வேற எதுலயுமே இல்ல. கல்யாண கேசட்லகூட மேளந்தான் கேக்குது."

கிழவர் காப்பியைத் தள்ளிவைத்தார். செத்தவன், சனிக்கிழமையில், தனக்குத் துணையாக அனுப்பியதைப் பிடுங்கிக்கொண்ட பிள்ளையை, பேர் சொல்லிக் கூப்பிடப் போகிறான்.

"அத நிறுத்தச் சொல்லும்மா."

"இன்னா மாமா சொல்றீங்க?"

"போடவேணாம்னு சொல்லு. நல்லதுக்கில்ல."

"முடியாது மாமா" என்றாள் சுமலதா. இந்த வீட்டுக்கு வந்து ஏழு வருஷத்தில் அவள் அவரிடம் சொன்ன முதல் முடியாது அது. சொல்லிவிட்டு, காப்பி ஆறுகிறது என்றாள்.

அவர் காப்பியைக் குடிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு புஸ்ஸி வீதிக்கு நடந்தார்.

அரிகிருஷ்ணனின் இடம் ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்கு மேலே, மாடியில் இருந்தது. ஒரு கம்ப்யூட்டர், இரண்டு டி.வி. பெட்டி, மூலையில் சுருட்டி வைத்த சிவப்புக் கம்பளம். கிழவரைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்தான்.

"வாங்கப்பா. சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே."

"நீ வந்து செஞ்சதெல்லாம் போதும். அந்த நாலாவது வாரத்தப் போடு, பாக்கணும்."

அரிகிருஷ்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, போட்டான்.

ஒரு பெண்பிள்ளை பரதம் ஆடியது. சலங்கை கழன்று ஓடியது, அதைப் பிடித்துக்கொண்டே ஆடியது. ஒரு பையன் காலாப்பட்டு பஸ் கண்டக்டர் மாதிரி விசில் ஊதினான். பிறகு மகன் வந்தான். நீலச் சட்டை. பலூனை முறுக்கினான், வெடித்தது, தானே பயந்து விழுந்தான். பிள்ளைகள் சிரித்தன. கிழவர் அசையவில்லை.

கையை நீட்டி அவன் அந்தக் கேள்வியைக் கேட்டான். எல்லாக் கையும் எழுந்தன. முன் வரிசையில் வெள்ளைக் கவுன் போட்ட ஒன்று மட்டும் நாற்காலிக்குப் பின்னால் போய் ஒளிந்தது. நிறைமதி. வெள்ளை முகத்தைக் கண்டு அவளுக்குப் பயம். கமலக்கண்ணன் மண்டி போட்டான். மூக்குக் குமிழைப் பிடுங்கினான். ஆரஞ்சு மயிரைக் கழற்றித் தரையில் வைத்தான். சட்டைக் கையாலேயே முகத்தைத் தேய்த்தான். பாதி வெள்ளையும் பாதி மனிதனுமாய் ஒரு முகம் வந்தது.

"மதிக்குட்டி, அப்பாகிட்ட வா."

அவள் எட்டிப் பார்த்தாள். வந்தாள். அவன் கன்னத்தை ஒரு விரலால் தொட்டு, விரலில் ஒட்டிய வெள்ளையைப் பார்த்துச் சிரித்தாள். அவன் அவளைத் தூக்கிக்கொண்டான்.

அரிகிருஷ்ணன் அங்கேயே படத்தை நிறுத்தினான்.

"மூஞ்சியத் தொடச்சா மனுசனாத்தான் இருந்திருக்கான்" என்றார் கிழவர். அவர் குரல் அவருக்கே புதிதாய் இருந்தது.

"இன்னொரு தடவ போடட்டாப்பா?"

"வேணாம். அவன் கூப்புடறது இருக்கு பாரு, அத எடுத்துடு."

"எடுத்துடுன்னா?"

"அந்தச் சத்தம் வரக்கூடாது. பொம்ம ஆடட்டும். சத்தம் வேணாம்."

"மூணே வார்த்தப்பா அது."

"அந்த மூணு வார்த்ததான் வேணாங்கறேன்."

அரிகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "நான் சொல்றதக் கேளுங்க. எடுத்த டேப் இப்ப இல்ல. அது மேலயே போன வாரம் ஒரு காதுகுத்து எடுத்துட்டேன். எங்க பொழப்பு அப்பிடி, ஒரு டேப்ப பத்து தடவ ஓட்டுவோம். கம்ப்யூட்டர்ல இருக்கறது இது ஒண்ணுதான், இன்னொண்ணு எடுத்துவெக்க இதுல எடமும் கெடையாது. இதுல சத்தத்த எடுத்தா எடுத்ததுதான். அப்புறம் அது எங்கயுமே இருக்காது. சுமலதா ரெண்டு தடவ ஆள் அனுப்பிச்சு, 'அந்த எடத்த நல்லாப் போடுங்க'ன்னு சொல்லியிருக்குது."

"கொள்ளி வெச்சவன் நானு. அவ இல்ல."

"அப்பா..."

"உனக்குப் புள்ளைங்க இருக்குதா?"

"ரெண்டு இருக்குது."

"சனிக்கெழம செத்தவன், சனிக்கெழம வந்து, அதுல ஒண்ண பேர் சொல்லிக் கூப்புட்டா நீ போடுவியா?" அவர் அதற்கு மேல் போக நினைக்கவில்லை. ஆனால் மூன்று வாரமாய் நெஞ்சில் கிடந்தது தானாக வந்தது. "நீ அவுத்தியே அந்த முடிச்சு. அது பாடைல நான் கட்டினது."

அரிகிருஷ்ணன் நம்புகிறவன் இல்லை. ஆனாலும் தன் கையை ஒருமுறை புரட்டிப் பார்த்துக்கொண்டான். "புள்ள அழுதுச்சுப்பா" என்றான்.

"அதுக்குத்தான் சொல்றேன். மறுபடியும் அழ வுடாத."

அவன் திரும்பி உட்கார்ந்தான். திரையில் கோடு கோடாய் ஏதோ வந்தது. மகனுடைய குரல் அதில் ஒரு விரற்கடை நீளம்தான் இருந்தது. அதைக் கறுப்பாக்கினான். அழுத்துவதற்கு முன் ஒருமுறை கிழவரைப் பார்த்தான். அவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுத்தினான். அந்த இடத்தில் ஒரு புல்லாங்குழல் மியூசிக்கைப் போட்டான்.

கிழவர் சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். பிள்ளை பிழைத்துக் கிடந்தால் போதும் என்று சொல்லிக்கொண்டார். குரல் சோறு போடுமா?

சனிக்கிழமை காலை வீடு நிறைந்துவிட்டது. எதிர்வீட்டு மணியம்மாள் தன் பாயையும் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். நிறைமதிக்குத் தலைக்கு ஊற்றி, அதே வெள்ளைக் கவுனைப் போட்டுவிட்டிருந்தாள் சுமலதா. கிழவர் இந்த முறை கடைத்தெருவுக்குப் போகவில்லை. பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் மணிக்கட்டைத் தம் கைக்குள் வைத்துக்கொண்டார். சூடு இல்லை. நாடி ஓடுகிறது.

"தாத்தா, கை வேர்க்குது, வுடு."

"இருடி."

சலங்கை ஓடியது. விசில் அடித்தது. பலூன் வெடித்தது. மணியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். மகன் மண்டி போட்டான், குமிழைப் பிடுங்கினான், மயிரைக் கழற்றினான். சுமலதா டி.வி.க்கு ஒரு முழம் கிட்டே நகர்ந்தாள்.

புல்லாங்குழல் வந்தது.

கிழவர் ஒன்றை மறந்திருந்தார். தறிக்கூடத்தில் நூற்றுக்கணக்கான தறி ஒன்றாய் அடிக்கும்போது ஒருவன் பேசுவது ஒருவனுக்குக் கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. சாப்பிட்டாயா என்பதும் சூப்பர்வைசர் வருகிறான் என்பதும் எல்லாம் உதடுதான். முப்பத்தோரு வருஷம் அப்படிக் கேட்டுப் பழகிய கண் அது. புல்லாங்குழல் பாட்டுக்கு ஊதிக்கொண்டிருக்க, மகனுடைய உதடு சொன்ன ஒவ்வொரு எழுத்தும் அவருக்கு மட்டும் கணீரென்று கேட்டது.

"ஏன் சத்தம் வரல?" என்றாள் சுமலதா. "மணியக்கா, சவுண்டு வையி."

மணியம்மாள் கூட்டினாள். குழல்தான் பெரிதாகக் கேட்டது. அதற்குள் திரையில் நிறைமதி போய் அப்பன் கன்னத்தைத் தொட்டுவிட்டாள், அவன் அவளைத் தூக்கிவிட்டான், பிறந்தநாள் வாழ்த்துப் படங்கள் ஓட ஆரம்பித்துவிட்டன.

சுமலதா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏதோ மிஷின் தப்பு. அரிகிருஷ்ணண்ணனக் கேட்டா வேற வெச்சிருப்பாரு."

"கேக்கவேணாம்" என்றார் கிழவர். "நான்தான் எடுக்கச் சொன்னேன்."

அவள் திரும்பினாள்.

"வேற இல்ல. அது ஒண்ணுதான் இருந்துது. அழிச்சாச்சு." பேத்தியின் கையை இன்னும் இறுக்கினார். "சனிப்பொணம். குஞ்சையும் அவுத்துட்டீங்க. புள்ளைக்குக் காய்ச்சல் வேற. நான் இன்னா பண்ணட்டும்?"

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் பதில் வைத்திருந்தார். அவள் கத்தவில்லை.

"ஒரே ஒரு தடவ கேட்டுட்டு அழிச்சிருக்கலாமே மாமா" என்றாள்.

அந்தக் குரலை அவர் கேட்டுவிட்டுத்தானே அழித்தார்.

நிறைமதி தாத்தாவின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு அம்மாவிடம் போனாள். "அழாதம்மா. அப்பா இன்னா சொன்னாருன்னு எனக்குத் தெரியும்." கழுத்தைக் கொஞ்சம் சாய்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "மதிக்குட்டி, அப்பாகிட்ட வா."

அப்பன் இழுத்த அதே இழுப்பு. எந்த வார்த்தை இந்த வீட்டுக்குள் நுழையக் கூடாதென்று அவர் புஸ்ஸி வீதி வரை போய் வழிமறித்தாரோ, அது பிள்ளையின் வாய்க்குள் இருந்தே வந்துவிட்டது.

"'அப்பாகிட்ட'வ இன்னும் கொஞ்சம் நீட்டுவாரு, இல்ல?" என்றாள் சுமலதா மெதுவாக.

"இல்லம்மா. இப்பிடி." நிறைமதி மறுபடி சொன்னாள்.

"வாய வெச்சுக்கினு சும்மா இருக்கமாட்டீங்களா!" என்று கிழவர் எழுந்தார்.

"புள்ள பேசறதுக்கும் மியூசிக்கு போட்டுடுவீங்களா அண்ணே?" என்றாள் மணியம்மாள்.

அவர் செருப்பைத் தேடி மாட்டினார். உள்ளே தாயும் மகளும் அந்த மூன்று வார்த்தையைத் திருத்தித் திருத்திச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சுமலதாவின் குரலில் அழுகை குறைந்து வேறு ஏதோ வந்திருந்தது. நல்லதுதான் என்பார்கள். மனசு ஆறட்டும் என்பார்கள். ஒன்றும் ஆகாது தாத்தா என்று நாளைக்கு ஊரே சொல்லும். சொல்லட்டும். ஆகாமல் இருந்தால் சொன்னவனுக்குப் பேர். ஆகிவிட்டால் பெற்றவனுக்குத்தானே கொள்ளிச்சட்டி?

வெயில் ஏறியிருந்தது. தெருமுனைக் கடைக்காரர், "இன்னா, புள்ள டி.வி.ல வந்துச்சா?" என்று கேட்டார். தெய்வசிகாமணி நிற்கவில்லை. மணி இன்னும் பத்துகூட ஆகவில்லை. அன்றைய சனிக்கிழமை முழுசாக மிச்சம் கிடந்தது. அது முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று முணுமுணுத்துக்கொண்டே மில் ரோட்டுப் பக்கம் நடந்தார்.